இரவா, காலையா?

நடுநிசி கழிந்து பொழுது புலரும் வரை உள்ள ஐந்தாறு மணி நேரத்தை என்ன பெயரிட்டு அழைப்பது? கேட்பதற்கு இது சிறுபிள்ளைக் கேள்வி போலத் தோன்றும். உறங்கிக் கிடக்கும் நேரத்துக்குப் பெயர் எதற்கு என்று சிலர் நகைக்கவும் கூடும். ஆனால், அந்நேரத்தில் விழித்திருந்து உழைக்கிறவர்கள் நம் ஊர்களில் ஏராளம். சாப்பாட்டுக் கடையில் மாவு பிசைகிறவர், சந்தையில் மூட்டை இறக்குகிறவர், கட்டட வாசலில் அமர்ந்திருக்கும் ஜாகா, ஆஸ்பத்திரியில் நோயாளியின் அருகே நிற்கும் தாதி ஆகிய இவர்களுடைய கூலியும் ஓய்வும் அந்தப் பெயரைப் பொறுத்தே அமைகின்றன. ஆகவே இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. நீதி நியாயத்தைப் பற்றிய விசாரணையுமாகும். வியாபாரிகளாகிய நாம் இதைப்பற்றிச் சற்றே சிந்திப்பது நலம்.

முதலில் நம் முன்னோர் இந்நேரத்தை எவ்வாறு பங்கிட்டார்கள் என்று பார்ப்போம். ஒரு நாளுக்கு 60 நாழிகை என்றும், ஒரு நாழிகைக்கு 24 நிமிடம் என்றும் தமிழர் கணக்கிட்டனர். இரவை நான்கு சாமமாகப் பிரித்தபோது ஒரு சாமத்துக்கு 7½ நாழிகை, அதாவது 3 மணி நேரம் வந்தது. அந்தக் கணக்கில் நள்ளிரவு 12 முதல் 3 வரை மூன்றாம் சாமம். 3 முதல் 6 வரை நான்காம் சாமம். இலக்கண நூலோர் வேறொரு விதமாகவும் பிரித்தார்கள். ஒரு நாளை 10 நாழிகை கொண்ட ஆறு சிறுபொழுதுகளாக்கி, இரவு 10 முதல் 2 வரை யாமம் என்றும், 2 முதல் 6 வரை வைகறை என்றும் பெயரிட்டார்கள். ஆக, இரவு 2½ மணி என்பது ஒரு கணக்கில் சாமம். மற்றொரு கணக்கில் வைகறை. இரண்டும் தமிழ்க் கணக்குத்தான்.

கிராமத்து மக்களோ நாழிகை வட்டிலைப் பார்த்து நேரம் சொல்லவில்லை. நடுச்சாமம், பின்சாமம், முதற்கோழி கூவும் நேரம், கருக்கல், விடியக்காலம் என்று தாம் கண்டதையும் கேட்டதையும் கொண்டே பெயர் வைத்தார்கள். நம் முஸ்லிம் வீடுகளில் தஹஜ்ஜத் நேரம், ஸஹர் நேரம், சுபுஹு நேரம் என்ற பெயர்கள் வழங்கின. ரமலான் மாதத்தில் பக்கீர்மார்கள் தப்பு அடித்துத் தெருவில் பாடி வந்தால் அது ஸஹர் நேரம். மோதினார் பாங்கு சொன்னால் அது சுபுஹு. கடிகாரம் இல்லாத வீட்டிலும் அந்த நேரங்களுக்குக் குழப்பம் வந்ததில்லை.

நம் அண்டை வீட்டாரைப் பார்ப்போம். மலாய்ச் சகோதரர்கள் நள்ளிரவு கடந்ததுமே காலை என்று பொருள்படும் ‘பாகி’ என்ற சொல்லைச் சேர்த்து, இரண்டு மணியை ‘புக்குல் டுவா பாகி’ என்கிறார்கள். ‘டினிஹாரி’ என்று விடியலுக்கு முந்திய நேரத்துக்குத் தனியே ஒரு சொல்லும் அவர்களிடம் உண்டு. சீனர்கள் முற்காலத்தில் இரவை ஐந்து ‘கெங்’ என்று பிரித்தார்கள். இரவு 11 முதல் 1 வரை மூன்றாவது. 1 முதல் 3 வரை நான்காவது. 3 முதல் 5 வரை ஐந்தாவது. கப்பலில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால், நள்ளிரவு முதல் 4 மணி வரை ஒரு காவல், 4 முதல் 8 வரை அடுத்த காவல் என்பார்கள். ஒரே தெருவில் நான்கு கடைக்காரர்கள் அதே இரண்டு மணிக்கு விழித்திருந்தால், ஒருவருக்கு அது காலை, ஒருவருக்கு நான்காம் கெங், ஒருவருக்கு நடுச்சாமம், ஒருவருக்குத் தஹஜ்ஜத் நேரம்.

நாள் எங்கே தொடங்குகிறது என்பதிலும் இவ்வாறே வேறுபாடு உண்டு. அரசாங்கப் பதிவேட்டில் நள்ளிரவு 12 மணிக்குப் புது நாள் பிறக்கிறது. இந்துச் சகோதரர்களின் பஞ்சாங்கத்தில் சூரிய உதயத்தில் பிறக்கிறது. வான சாஸ்திரிகள் 1925-ஆம் ஆண்டு வரை நண்பகலில் நாளைத் தொடங்கினார்கள். இரவு முழுவதும் நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்கு நடுவே தேதி மாறாமலிருப்பது வசதியாக இருந்தது. நம் மார்க்கக் கணக்கிலோ மக்ரிபில் நாள் பிறக்கிறது; இரவு முந்தியது, பகல் பிந்தியது. அதனால்தான் வியாழக்கிழமை சூரியன் மறைந்த பின் வரும் இரவை ‘வெள்ளி இரவு’ என்கிறோம். மலாய்க்காரர்களும் ‘மாலாம் ஜுமாஅத்’ என்கிறார்கள். திங்கட்கிழமை இரவு 9 மணிக்குப் பிறந்த குழந்தைக்குப் பிறப்புப் பத்திரத்தில் திங்கள் என்று எழுதுவார்கள். வீட்டிலுள்ள பெரியம்மாவோ, “பிள்ளை செவ்வாய் இரவிலே பிறந்தது” என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை.

கடிகாரமே கூட மாறாத ஒன்றன்று. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் இந்நாட்டை ஆண்டபோது கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்தார்கள். முன்னைய கணக்கில் இரவு 2½ மணியாக இருந்தது, அவர்கள் கணக்கில் 4 மணியாயிற்று. சிங்கப்பூரில் சூரியன் உதிக்க எட்டு மணி ஆயிற்று. பின்னர் 1982 ஜனவரி 1 முதல் மேற்கு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். ஆனால் சேவல் தன் நேரத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ரப்பர் மரமும் மாற்றிக்கொள்ளவில்லை. வெயில் ஏறுமுன் குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால், பெரட்டுக்குப் போன தோட்டத் தொழிலாளி இருட்டிலேதான் எழுந்தார். அதிகாரிகள் முள்ளைத் திருப்பலாம். உடம்பின் களைப்பைத் திருப்ப முடியாது.

இவ்வளவும் கேட்ட ஒருவர் சொல்லக்கூடும்: “நேரம் ஒன்றுதான், பெயர்கள் மனிதர் வைத்தவை. ஆளுக்கொரு பெயர், ஊருக்கொரு வழக்கம். இதில் பாவம் என்ன, புண்ணியம் என்ன? அவரவர் விருப்பப்படி அழைத்துக்கொள்ளட்டுமே!”

இது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று. பெயர்கள் மனிதர் வைத்தவை என்பது உண்மைதான். ஆனால் கடைக்காரர்களாகிய நமக்கு இதற்கு விடை காண்பது கடினமில்லை. படியும் மரக்காலும் மனிதர் வைத்தவையே. ஒரு காலத்தில் காத்தி என்று நிறுத்தோம்; இப்போது கிலோ என்று நிறுக்கிறோம். ஊருக்கு ஊர் அளவு மாறியிருந்த காலமும் உண்டு. காத்தியில் நிறுத்தவன் நல்லவன், கிலோவில் நிறுத்தவன் கெட்டவன் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் வாங்கும்போது பெரிய படியும், விற்கும்போது சிறிய படியும் வைத்திருப்பவனை எல்லாரும் மோசக்காரன் என்றே சொல்வார்கள். திருக்குர்ஆனில் ‘அல்முதஃப்பிஃபீன்’ என்ற 83-வது அத்தியாயமே அளவில் குறை செய்பவர்களின் பெயரால் வழங்குகிறது. பிறரிடம் வாங்கும்போது நிறைவாகப் பெற்றுக்கொண்டு, தாம் கொடுக்கும்போது குறைத்து விடுகிறவர்களை அது கண்டிக்கிறது. அங்கே குற்றம் ஒரே மனிதன் ஒரே காரியத்தில் இரண்டு அளவு வைத்திருப்பதுதான்.

நேரத்தின் பெயரும் ஓர் அளவுதான். அதிலும் இரட்டைப் படி வைக்க இடமுண்டு. நள்ளிரவு முதல் விடியல் வரையுள்ள நேரமே அதற்கு மிகவும் தோதானது. பகல் 11 மணியை ‘இரவு’ என்று யாரும் ஏமாற்ற முடியாது. ஆனால் இரவு 1 மணியை இரவு என்றும் சொல்லலாம். காலை என்றும் சொல்லலாம். நேற்று என்றும் சொல்லலாம். இன்று என்றும் சொல்லலாம். எல்லாப் பெயரும் ஒரு விதத்தில் சரியாக இருப்பதால், எந்தப் பெயரைச் சொன்னாலும் பொய் சொன்னதாக ஆகாது. பொய் சொல்லாமலேயே ஒருவனை வஞ்சிக்கக்கூடிய நேரம் அதுதான்.

ஓர் உதாரணம் சொல்வோம். இரவு நெடுநேரம் திறந்திருக்கும் ஒரு சாப்பாட்டுக் கடையை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் என்று பேச்சு. சனிக்கிழமை மாலை 6 மணிக்கு வேலைக்கு வருகிறான். கூட்டம் அதிகம், கடையைக் கழுவி மூடும்போது ஞாயிறு காலை 3 மணி ஆகிவிடுகிறது.

“முதலாளி, பன்னிரண்டு மணிக்கு மேலே மூணு மணி நேரம் ஆச்சுங்களே. அது ஞாயித்துக்கிழமைக் கணக்குத்தானே?” என்று தயங்கிக் கேட்கிறான்.

“அது சனிக்கிழமை ராத்திரி வேலை, தம்பி. ராத்திரி வேலைன்னா விடியிற வரைக்கும் ராத்திரிதான்” என்கிறார் முதலாளி.

சரி, அதுவும் ஒரு கணக்குத்தான். பையன் போய்ப் படுக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மாலையில் முதலாளியிடமிருந்து செய்தி வருகிறது. நள்ளிரவு கழிந்து 1 மணிக்குச் சாமான் லோரி வருகிறது. வந்து இறக்க வேண்டும். “முதலாளி, இன்னிக்கு எனக்கு ஓய்வு நாளுங்களே” என்றால், “ஓய்வு நாள் பன்னிரண்டு மணியோடு முடிஞ்சு போச்சு, தம்பி. ஒரு மணின்னா திங்கட்கிழமை காலை” என்று பதில் வருகிறது.

சகோதரர்களே, கவனியுங்கள். சனிக்கிழமையின் பக்கத்தில் நள்ளிரவுக்குப் பிந்திய நேரம் ‘ராத்திரி’யாக இருந்தது. திங்கட்கிழமையின் பக்கத்தில் அதே நேரம் ‘காலை’யாகிவிட்டது. ஞாயிறு 3 மணிக்கு விட்டவன் திங்கள் 1 மணிக்கு வர வேண்டும். ஒரு நாள் ஓய்வு என்று பெயர் சொல்லி அவனுக்குக் கிடைத்தது 22 மணி நேரம். முதலாளி ஒரு வார்த்தை கூடப் பொய் சொல்லவில்லை. தமிழ்க் கணக்குப்படி முதலாவது சரி. அரசாங்கக் கணக்குப்படி இரண்டாவது சரி. ஆனால் வாங்கும் படி ஒன்று, கொடுக்கும் படி ஒன்று. இதைத்தான் இரட்டைப் படி என்கிறோம்.

இந்த மோசத்துக்கு இடம் இருக்கிறது என்பதைச் சட்டம் செய்தவர்களும் அறிந்திருக்கிறார்கள். மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் ‘நாள்’ என்ற சொல்லுக்கே பொருள் எழுதியிருக்கிறார்கள். நள்ளிரவில் தொடங்கும் 24 மணி நேரம் ஒரு நாள் என்பது பொது விதி. ஆனால் ஷிப்ட் முறையில் வேலை செய்கிறவருக்கும், வேலை நள்ளிரவைத் தாண்டிச் செல்கிறவருக்கும், வேலை நேரம், ஓய்வு முதலியவற்றைக் கணக்கிடும்போது எந்த நேரத்திலிருந்தும் தொடர்ந்தாற்போல் 24 மணி நேரத்தை ஒரு நாளாகக் கொள்ளலாம் என்று அது சொல்கிறது. ஷிப்ட் வேலைக்காரரின் ஓய்வு நாள் தொடர்ந்து 30 மணி நேரத்துக்குக் குறையலாகாது என்றும் அதில் உண்டு. சிங்கப்பூர்ச் சட்டத்திலும் ஷிப்ட் வேலைக்காரருக்கு 30 மணி என்ற கணக்கே இருக்கிறது. ஒரு நாளுக்கு 24 மணி என்றிருக்க, ஓய்வுக்கு 30 மணி எதற்கு? இரவில் உழைத்தவனுக்குத் தூங்கி எழுவதிலேயே பகல் கழிந்துவிடும்; அதன் பிறகுதான் அவனுக்கு ஓய்வு தொடங்குகிறது. பெயரை நம்பினால் அவன் ஏமாந்து போவான் என்றுதான் மணியை எண்ணி எழுதியிருக்கிறார்கள் என்று நாம் கருதுகிறோம்.

சட்டம் போட்ட கோடும் மாறக்கூடியதே. ஆலைகளிலும் தோட்டங்களிலும் பெண்களை இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை வேலை வாங்கலாகாது என்று அதே சட்டத்தில் ஒரு விதி இருந்தது. 2023 ஜனவரி 1 முதல் அது நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே சட்டத்தை மட்டும் நம்பியிருந்தால் போதாது. மனத்தில் ஒரு கோடு வேண்டும். அதற்கு நம் மார்க்கம் காட்டும் வழியைப் பார்ப்போம்.

விடியலில் இரண்டு விதம் உண்டென்று மதரஸாவில் ஓதிய பிள்ளைகள் அறிவார்கள். முதலில் கிழக்கு வானில் நெட்டுக்குத்தாக ஒரு வெளிச்சம் எழுந்து, பிறகு மங்கிப் போகும். அது ‘பஜ்ர் காதிப்’, பொய்யான விடியல். அதன்பின் அடிவானத்தில் அகலமாகப் பரவி, வரவரத் தெளியும் வெளிச்சமே ‘பஜ்ர் ஸாதிக்’, மெய்யான விடியல். நோன்பு வைப்பவர் உணவை நிறுத்துவதும், சுபுஹுத் தொழுகைக்கு நேரம் வருவதும் இந்த மெய்யான விடியலில்தான்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உண்பதற்கு ஒரு கோடும் தொழுவதற்கு வேறொரு கோடும் வைத்திருந்தால் மனிதன் என்ன செய்வான்? பசிக்கும்போது, “இன்னும் இரவுதான்” என்று உண்பான். தூக்கம் வரும்போது, “விடிந்துவிட்டது” என்று முன்னதாகவே தொழுதுவிட்டுப் படுத்துக்கொள்வான். இரண்டு பெயரிலும் லாபம் அவனுக்கே. அதற்கு இடமே இல்லாமல், எந்தக் கணத்தில் உணவு முடிகிறதோ அதே கணத்தில் தொழுகை தொடங்குகிறது என்று ஒரே கோடாக இருக்கிறது. நாட்காட்டியில் சுபுஹுக்குச் சுமார் 10 நிமிடம் முன்னதாக இம்ஸாக் என்று அச்சிட்டிருப்பது பேணுதலுக்காகவேயன்றிக் கோடு அதுவன்று. 2019-ஆம் ஆண்டுக் கடைசியில் மலேசியாவில் சுபுஹு நேரக் கணக்கைத் திருத்தினார்கள். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 20 பாகையில் இருக்கும்போது என்றிருந்ததை 18 பாகை என்று மாற்றியதால், நேரம் 8 நிமிடம் தள்ளிப்போயிற்று. அப்போதும் உண்ணும் கோடும் தொழும் கோடும் சேர்ந்தே நகர்ந்தன. ஒன்றை மட்டும் நகர்த்த ஒருவருக்கும் உரிமையில்லை.

நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் நடந்த ஒரு செய்தியும் இங்கே பொருந்தும். மதீனாவில் பிலால் (ரலி) அவர்கள் இரவு இருக்கும்போதே ஒரு பாங்கு சொல்வார்கள். தூங்குகிறவர் விழிப்பதற்கு அது. விடிந்தபின் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மறு பாங்கு சொல்வார்கள். அதுவரை உண்ணலாம். இப்னு உம்மி மக்தூம் அவர்களோ கண் பார்வை இல்லாதவர்கள். விடிந்துவிட்டது என்று மற்றவர்கள் வந்து சொன்ன பிறகே அவர்கள் பாங்கு சொல்வது வழக்கம். ஓர் ஊர் முழுவதும் உணவை நிறுத்துவது அவர்கள் குரலைக் கேட்டு. அவர்கள் குரல் கொடுப்பதோ, கண்ணுள்ளவர்கள் உண்மையைச் சொல்வார்கள் என்ற நம்பிக்கையில். சொல்லுகிறவன் தன் வசதிக்காகச் சற்று முன்னதாகவோ பின்னதாகவோ சொன்னால், எத்தனை பேருடைய நோன்பும் தொழுகையும் என்னவாகும்!

நம் கடைகளில் வேலை செய்கிறவர்கள் கணக்குப் புத்தகத்தைப் பொறுத்த வரையில் கண் பார்வை இல்லாதவர்களைப் போன்றவர்கள். எது ஞாயிறு, எது திங்கள், எது மிகை நேரம், எது வழக்கமான நேரம் என்று முதலாளி சொல்வதைத்தான் அவர்கள் நம்ப வேண்டியிருக்கிறது. அவர்களில் பலர் கடல் கடந்து வந்தவர்கள். எதிர்த்துக் கேட்டால் வேலை போய்விடும் என்ற அச்சம் வேறு. ஆகவே விடிந்தது, விடியவில்லை என்று சொல்லும் பொறுப்பு நம் கையில் ஓர் அமானிதமாக இருக்கிறது.

“அப்படியானால் மார்க்கத்துக்கு மக்ரிபு, அரசாங்கத்துக்கு நள்ளிரவு, கடைக்குத் திறக்கும் நேரம் என்று மூன்று விதமாக நாளைத் தொடங்குகிறோமே, அது மட்டும் இரட்டைப் படி ஆகாதா?” என்று கேட்கலாம். ஆகாது. துணியை மீட்டரிலும் எண்ணெயை லிட்டரிலும் அளப்பது மோசமன்று. வெவ்வேறு காரியத்துக்கு வெவ்வேறு அளவு இருக்கலாம். நோன்புக்கு மார்க்கக் கணக்கு, வரிக்கு அரசாங்கக் கணக்கு, அதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரே காரியத்தில், ஒரே ஆளிடத்தில், தன் லாபத்துக்கேற்பக் கணக்கை மாற்றுவதுதான் மோசம். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் குழப்பம் வராது.

நாம் செய்யக்கூடியவை எளியவையே. இரவைத் தாண்டும் வேலை எந்த நாளின் கணக்கில் சேரும் என்பதை முன்னதாகவே பேசி, எழுதி, சுவரில் ஒட்டிவிடலாம். ஓய்வை நாளின் பெயரால் சொல்லாமல், எத்தனை மணிக்கு விட்டு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று மணியால் சொல்லலாம். நள்ளிரவு கடந்த பிறகு, “நாளைக்குப் பணம் தருகிறேன்” என்று சொல்ல நேர்ந்தால், ‘நாளை’ என்னாமல் கிழமையைச் சொல்லலாம். கடன் கொடுத்தவன் ஒரு நாள் வீணே காத்திருக்க மாட்டான். சந்தேகம் வரும் நேரத்தைத் தொழிலாளியின் பக்கம் தள்ளிக் கணக்கிட்டால் முதலாளிக்குக் குறைவது சில வெள்ளிதான்; மறுமையில் கேட்கப்படும் கேள்வி ஒன்று குறையும்.

இரவின் கடைசி மூன்றிலொரு பாகம் துஆ ஏற்கப்படும் நேரம் என்று நம் பெரியோர் போதித்திருக்கிறார்கள். மக்ரிபு 7.10-க்கும் சுபுஹு 5.50-க்கும் இருக்கும் ஒரு நாளில் கணக்குப் பார்த்தால், அது சுமார் 2¼ மணிக்குத் தொடங்குகிறது. அந்நேரத்தில் ஒருவர் முஸல்லாவை விரித்துக் கையேந்தி நிற்கிறார். அதே நேரத்தில் கடையின் பின்கட்டில் இன்னொருவர் கொப்பரை கழுவிக்கொண்டிருக்கிறார். முன்னவர் பின்னவருடைய முதலாளியாக இருந்தால், அந்நேரத்தைத் தமக்குப் புனிதமான நேரம் என்றும், அவனுக்குக் கணக்கில் வராத நேரம் என்றும் எண்ணலாகுமா? அவரவர் உள்ளத்தைக் கேட்டுக்கொள்வோமாக.

இரவும் பகலும் அல்லாஹுத்தஆலாவுக்கே உரியன. அவற்றுக்கு நாம் இடும் பெயர்களில் மோசம் புகாமல் காத்துக்கொள்ளவும், உழைத்தவனின் ஒரு நாழிகையையும் குறைக்காமல் கொடுக்கவும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக. ஆமீன்.